புது லைசென்ஸுக்கு மலிவான இன்சூரன்ஸ்

"பையனுக்குப் பதினெட்டு. போன வாரம்தான் லைசென்ஸ் எடுத்தான். மலிவா இன்சூரன்ஸ் எங்க கிடைக்கும்?"

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம், காஜா பேராங்கில், ரேஷன் அரிசி வரிசையில் நின்று இப்படிக் கேட்டார் எனக்கு முன்னால் இருந்த, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார். கேட்கப்பட்டவர் முன்பு பஸ் ஓட்டியவர்.

"இன்சூரன்ஸ் கம்பெனி வெள்ளைக்காரன் கப்பலேறி ஓடிட்டான். நீங்க இன்னும் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கீங்களாக்கும்."

"பண்டார் ஹிலிர்ல ஒருத்தன் எழுதித் தர்றான். சின்னப் பையன்னு ரெண்டு காந்தாங் அளந்து அரிசி கேக்குறான்."

"கொடுத்துட்டு, அந்தக் காகிதத்தை அவிச்சுத் தின்னுங்க. வண்டி எங்க?"

"ஜப்பான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். திருப்பித் தருவான்ல?"

பஸ்காரர் காறித் துப்பினார்.

"லைசென்ஸுக்குப் பேரு, விலாசம் எல்லாம் நீங்களே கொடுத்தீங்களா?"

"நானே அழகா எழுதிக் கொடுத்தேன்."

"கெட்டிக்காரர்தான். சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி ஓட்ட ஆள் பிடிக்கிறவன் அந்தப் பேருங்களைப் பாத்துத்தான் வீட்டுக்கு வர்றான். போனவன் எவனும் திரும்பல. நான் என் லைசென்ஸைக் கொளுத்திட்டு, வீட்டையும் மாத்திட்டேன். உங்களுக்கு இன்சூரன்ஸ் கேக்குது."

கிராணியார் காலிப் பையோடு வீட்டுப் பக்கம் ஓடினார். அவர் விட்ட இடத்துக்கு நான் நகர்ந்து நின்றேன்.