ஓரத்து விளக்கு: என் இரண்டாவது அறிக்கை

விளக்குக்குள் நீர் கோத்துக்கொள்வது பெரிய வியாதி ஒன்றும் இல்லை ஐயா. காலையில் காரின் முன்விளக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் ஆவி படிந்திருக்கும். விளக்கைப் போட்டுக் கால்மணி நேரம் ஓட்டினால் தானாகப் போய்விடும். அதற்கே பதறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து, "வண்டிக்கு வேர்த்திருக்கு, விசிறி விடுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். முப்பத்தொரு வருடமாக முன்விளக்கு வேலை மட்டும்தான் பார்க்கிறேன். இஞ்சின் பக்கம் கை வைத்ததில்லை.

வாகன ஆய்வாளர் என்ற முறையில் நீங்கள் அந்த விபத்து வண்டியின் விளக்கைத் துணிப்பையில் போட்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்து, அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றீர்கள். எழுதிக் கொடுத்தேன். பராமரிப்புக் குறைவு, உரிமையாளரின் அலட்சியம். அது பொய். வண்டியை ஓட்டியவர் என் மகளின் கணவர் என்பதையும் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை மகள் வாரம் தவறாமல் வருவாள். அதன்பிறகு போன்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை, பேப்பர் கட்டு, வீடு என்று அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் குறை சொல்லவில்லை. போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், "ஆச்சும்மா" என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படாது.

போன மழைக்காலத்தில் அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓரத்து விளக்கில், அதாவது நடைபாதைப் பக்கத்து விளக்கில், தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விளக்கின் முதுகில் ஒரு சின்னத் துளை உண்டு ஐயா. மூச்சுத்துளை என்போம். விளக்கு சூடானால் உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியேறும், ஆறினால் திரும்பி வரும். அந்தத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. சுத்தம் செய்து, அவள் கல்லூரி நாளில் தலை உலர்த்திய பழைய மெஷினாலேயே உள்ளே காயவைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் தும்முவதை நடித்துக் காட்டினாள். அவளுடைய அம்மாவைப் பற்றிப் பேசினோம். இரண்டு பேரும் அழுதோம், அது நன்றாக இருந்தது.

அப்புறம் நான்கு மாதம் வரவில்லை. விளக்கு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன். "சூப்பரா இருக்குப்பா. நீங்க கை வச்ச பிறகு அது எப்படிக் கெட்டுப்போகும்?" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. விளக்கு கெடாவிட்டால் அவள் வரமாட்டாளே என்றுதான் எனக்குப் பட்டது.

எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வரச் சொன்னேன். வந்தாள். துடைக்கிற சாக்கில், அரிசி மணியளவு சிலிக்கான் பசையை அந்தத் துளையில் வைத்தேன். துளை அடைபட்ட விளக்கு சூடாக இருக்கும்போது மழை விழுந்தால், உள்ளே காற்று சுருங்கி, ஓரத்து இடுக்கு வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் அவளே போன் செய்தாள். நான் பிரித்து, காயவைத்து, திரும்ப அடைத்து அனுப்பினேன். இப்படி ஏழு முறை. எதிரே வருகிற வண்டிக்குத் தெரிய வேண்டிய விளக்கை நான் தொடவே இல்லை. ஓரத்தில்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஓரத்தில்தான் மனிதர்கள் போவார்கள் என்பது முப்பத்தொரு வருட அனுபவஸ்தனுக்குத் தோன்றவில்லை.

அவள் முட்டாள் இல்லை. "ஏம்ப்பா இது மட்டும் திரும்பத் திரும்ப வருது?" என்றாள். மாப்பிள்ளை பைப்பை வைத்துப் பீச்சியடித்துக் கழுவுகிறாரா என்று கேட்டேன். கேள்வியாகத்தான் கேட்டேன், குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் அதற்காக இருவருக்கும் வாக்குவாதம் நடந்ததாம். அந்த மனிதர் மறுநாளிலிருந்து வண்டியை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் அவரே பட்டறைக்கு வந்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் சிரமமா இருக்கு. பேசாம புது லைட்டே மாட்டிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எதுக்கு மாப்பிள்ளை தண்டச்செலவு? நான் இருக்கேன்ல" என்றேன். என் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டிவிட்டுப் போனார். இதை எழுதும்போது கை கூசுகிறது ஐயா. பசை வைத்தபோதுகூட இப்படிக் கூசவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். "அப்பா, இந்தத் தடவை ரொம்பக் கோத்திருக்கு. வெளிச்சமே வரல. சாயங்காலம் வரட்டுமா?" சாயங்காலம் வந்தால் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, நாள் முழுக்க இருப்பாள். "ஞாயித்துக்கிழமை வாம்மா, நிதானமாப் பாக்கலாம்" என்றேன். வேலை நெருக்கடி என்றும் சொன்னேன். அன்று பட்டறையில் ஒரு வண்டிகூட இல்லை.

அன்று மாலை ஆறரை மணிக்கு, தூறலில், பள்ளியிலிருந்து அவளை அழைத்துவர மாப்பிள்ளை போனார். சைக்கிளில் ஓரமாக வந்த தச்சரை அவர் பார்க்கவில்லை. தச்சர் மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய உளிப்பை நடைபாதையில் சிதறிக் கிடந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அப்போது விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

விளக்கை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் போனதும் பிளேடால் பசையைச் சுரண்டி எடுத்தேன். எறிய மனம் வரவில்லை. தீப்பெட்டியில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பழுது தெரிந்தே ஓட்டினார் என்று மாப்பிள்ளையைப் போலீஸ் உள்ளே வைத்திருக்கிறது. மகள் என்னோடு வந்துவிட்டாள். முதல் நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அப்பவே சொன்னேன்ப்பா, பைப் வச்சு அடிக்காதீங்கன்னு. துணியால துடைக்கிற மாதிரி காட்டிட்டு, நான் இல்லாதப்ப அடிச்சிருப்பார் அந்த மனுஷன்." என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்படித் தடவிக் கொடுத்தபோது என் மனதில் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. வெட்கத்தை விட்டு அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடைத்தது நான். ஓட்டியவர்மேல் தப்பில்லை, கழுவியவர்மேலும் தப்பில்லை. அந்தத் தச்சரைக் கொன்றது நான்தான். இதை என் முதல் அறிக்கைக்குத் திருத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தம் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் தர வேண்டும், தவறினால் முதல் அறிக்கையே கோர்ட்டுக்குப் போய்விடும், அதை வைத்தே தீர்ப்பும் ஆகிவிடலாம் என்றீர்கள். இன்று வெள்ளி. மணி பதினொன்றே முக்கால். உங்கள் அலுவலகம் நடக்கிற தூரம்தான்.

உள்ளேயிருந்து மகள் கூப்பிடுகிறாள். "அப்பா, தட்டு வச்சுட்டேன், ஆறிடப்போகுது. சேர்ந்து சாப்பிடலாம், வாங்க." வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் தனக்கும் ஒரு தட்டு வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் எழுந்துபோனால் அவள் மனசு உடைந்துபோகும். மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்வேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொண்டுவருகிறேன் ஐயா. கொஞ்சம் நேரமாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கே வந்து நிதானமாகக் கொடுத்துவிடுகிறேன்.