இரண்டாவது பலகை

உங்கள் மேசையின் ஒரு கால் ஆடுகிறதும்மா. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வையுங்கள், சரியாகிவிடும். மேசை ஆடினால் காய் நகர்ந்துவிடும். அப்புறம் யார் எங்கே நின்றார்கள் என்று சண்டைதான். நானும் என் தம்பியும் முப்பது வருஷமாகப் போர் விளையாட்டுகள் செய்தவர்கள். அட்டை வெட்டுவது, கட்டம் போடுவது, விதி எழுதுவது எல்லாம் நாங்களே.

அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மாடி அறையில் படுக்கை. நான் கீழே. அதனால்தான் கடைசி விளையாட்டுக்கு இரண்டு பலகை வைத்தோம். மாடியில் அவனுடையது, முற்றுகையில் சிக்கிய கோட்டை. கீழே என்னுடையது, கோட்டைக்குச் சாமான் போகும் சாலை. ஒருவர் பலகையை மற்றவர் பார்க்கக் கூடாது. அவன் கட்டிலருகிலிருந்து படிக்கட்டு வழியாக ஒரு பிஸ்கட் டப்பாவைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். காலையில் அவன் சீட்டு இறங்கும்: மாவு வேண்டும், மருந்து வேண்டும். நான் பகடை உருட்டி வண்டிகளை நகர்த்துவேன். சாயங்காலம் பதில் ஏறும். கோட்டை சரணடைவதென்றால் வெள்ளைக் காயை டப்பாவில் போட வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்தது.

விளையாட்டுகளை அச்சிட்டு விற்கும் கம்பெனிக்கு அனுப்பினோம். கோட்டை அருமை, சாலைப் பலகை தேவையில்லை, அதை எடுத்துவிட்டால் அச்சிடுகிறோம் என்று பதில் வந்தது. தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் அப்பவே நினைச்சேன்க்கா. உன் ரோடு இல்லாமலே கோட்டை நிக்கும். சப்ளை நின்னா எட்டு நாள் தாங்கும்னு விதியிலேயே எழுதியிருக்கேனே."

"எட்டு நாள் தாங்காதுடா."

"நீ கோட்டைக்குள்ள இருந்து பார்த்தியா?"

"நீ ரோட்டுல நின்னு பார்த்தியா?"

"என்னைப் போய் நிக்கச் சொல்றியேக்கா" என்று தன் காலைப் பார்த்துச் சிரித்தான்.

சோதித்துப் பார்க்காத எண்ணை விதியில் வைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது ஒழுங்கு. மறுநாள் காலை அவன் அறையைத் துடைத்துவிட்டு, தண்ணீர்க் கூஜாவைக் கீழே கொண்டுவந்தேன். அவன் போன் ஏற்கனவே கீழே சார்ஜில் இருந்தது. பிறகு நான் மாடி ஏறவில்லை.

முதல் சீட்டு: 'அக்கா, காபி எங்கே?' சாலை மூடியிருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். மேலே சிரிப்பு கேட்டது. இரண்டாம் நாள்: 'விளையாட்டு போதும். தண்ணி.' வண்டி கிளம்பிவிட்டது, இரண்டு நாளாகும் என்று எழுதினேன். மூன்றாம் நாள் கத்தினான். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தம்பி இன்னிக்கு இந்தச் சத்தம் போடுறாரு?"

"கோட்டை விழற மாதிரி இருக்கு. அதான்."

"இந்த வயசுலயும் உங்களுக்கு விளையாட்டு விடல" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

நாலாம் நாள் சீட்டில் எழுத்து இல்லை, வெறும் பென்சில் கோடு. அதற்கும் ஒழுங்காகப் பதில் அனுப்பினேன். அப்புறம் கயிறு அசையவில்லை.

எட்டாம் நாள் சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏறினேன். எட்டு என்று எழுதியது அவன் கை. ஒரு நாள்கூட நான் தாண்டவில்லை. கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. விதிப்புத்தகத்தில் எட்டை அடித்துவிட்டு நாலு என்று திருத்தினேன். இரண்டாவது பலகை ஏன் வேண்டும் என்று கம்பெனிக்காரர்களுக்கு இனிப் புரியும்.

ஆமாம்மா, பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: ஆட்டத்தை எந்த நிமிஷமும் அவன் நிறுத்தியிருக்கலாம். வெள்ளைக் காய் மட்டும் இறங்கியிருந்தால் தண்ணீரோடு ஓடியிருப்பேன். எட்டு நாளும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன்தான் போடவில்லை.

அந்தக் காயா? முதல் நாள் கூஜாவோடு சேர்த்து அதையும் எடுத்து வந்துவிட்டேன். என் பையிலிருந்து எடுத்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். பார்த்தும்மா, மேசை ஆடுகிறது, விழுந்துவிடப் போகிறது.