பேர் சொல்லிப் பாடற பாட்டு

உட்காருங்க சார், நீங்க நின்னுக்கிட்டே பேசினா எனக்குத்தான் கழுத்து வலிக்குது. உங்க அக்கா உங்களைப் பாத்ததும் கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னா, அதுக்கு டிவி டைரக்டர் நான் என்ன பண்ண முடியும்? கப்பல்ல வெல்டிங் வேலைன்னு போனவரு, மூணு மாசமா ஒரு போன் கிடையாது. கோவம் இருக்காதா? சிக்னல் இல்லையா? சரிதான், அதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.

என்னது? டிவிக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான் இப்படி இருக்காங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களா? அவங்களுக்கு வேற வேலை இல்ல.

நம்ம நிகழ்ச்சி பாத்திருக்கீங்களா? வாரம் ஒரு ஆளு, வாரம் ஒரு இசை. எவனும் திரும்பிப் பாக்காத ஆளுங்களைத் தேடிப் பிடிச்சு மேடை ஏத்தறோம். மாடு மேய்க்கிற ஒருத்தரு வெறும் இலையை வெச்சு ஊதினாரு, அரங்கமே எழுந்து நின்னு கைதட்டுச்சு. இப்ப என்ன பண்றாரா? மாடுதான் மேய்ப்பாரு, வேற என்ன?

உங்க அக்கா வந்தது ஒப்பாரி வாரம். லைட்டு போட்டாச்சு, முன்னூறு பேரு உட்கார்ந்தாச்சு, அந்தம்மா பாட மாட்டேங்கறாங்க. செத்தவங்க பேரைச் சொல்லித்தான் பாடணுமாம். ஆளே சாகலையே, நான் யாரைச் சொல்லி அழறதுங்கறாங்க. ஒரு பொம்மைக்கு வெள்ளைத் துணி போத்திப் படுக்க வெச்சோம். அது கன்னத்தைக் கிள்ளி, எந்திரி ராசா, பசிக்கலையான்னு கேலி பண்றாங்க சார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கு மானமே போச்சு.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, அப்புறம் பாடினாங்க பாருங்க, நாப்பது நிமிஷம்! எங்க கேமராமேன் பெத்த தாய்க்கே அழாதவன், அவனே மூக்கைச் சிந்தினான். வரிக்கு வரி சுண்டு, சுண்டுன்னு ஒரே புலம்பல். ஓ, உங்களைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்களா? நான் பாட்டுல வர்ற ஏதோ பழைய சொல்லுன்னு நெனச்சேன். டிவியில கீழே ஓடற எழுத்துல, சுண்டுன்னா அன்புக்குரிய பறவையேன்னு அர்த்தம் போட்டுட்டோம்.

முறைக்காதீங்க சார். பெரிசா ஒண்ணும் பண்ணல. மைக்கு மாட்டற பொண்ணை விட்டு அவங்க காதுல ஒரு வார்த்தை போடச் சொன்னேன். போன் வந்துச்சு, கப்பல் முழுகிடுச்சு, உங்க தம்பி போயிட்டாருன்னு. அவ்வளவுதான். பாட்டு முடிஞ்சதும் பொய்னு சொல்லிடலாம்னுதான் இருந்தோம், சத்தியமா. அதுக்குள்ள அடுத்த வாரத்துக்கான கொம்பு ஊதறவரு வந்து நிக்கறாரு. அந்தக் கொம்பு வாசல்ல நுழையவே மாட்டேங்குது சார், எங்களுக்கு அதைப் பாக்கவே சரியாப் போச்சு.