ஸ்பிரிட்டில் கொஞ்சம் அசிட்டோன்

சட்டை நுனியால கண்ணாடியைத் துடைக்காதீங்க சார், கீறல் விழுந்திடும். குடுங்க, நான் துடைச்சுத் தரேன். வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். என் கையில குடுக்க யோசிக்கிறதும் நியாயம்தான்.

மைக்ராஸ்கோப் துடைக்கிறதுதான் என் பொழப்பு. ரத்தத்துல கிருமியைத் தேடணும்னா ஸ்லைடு மேல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் அதுல தொடுற மாதிரி வச்சுத்தான் பாக்கணும். அந்த எண்ணெயை அப்படியே விட்டா லென்ஸ் மங்கிடும். பெட்ரோலியம் ஈதர் தொட்டுத் துடைச்சா எண்ணெயை மட்டும் எடுத்துட்டுப் போயிடும். உள்ள இருக்கிற குட்டிக் கண்ணாடிகளை ஒட்டின பசையைச் சீண்டவே சீண்டாது. அப்படித் துடைச்சா லென்ஸ் வருஷக்கணக்கா உழைக்கும், என்னை யாரும் அடிக்கடி கூப்பிட வேண்டியதும் இல்லை.

என் வீட்டுக்காரி போனதுக்கு அப்புறம், என் வீட்டுல பேச்சுத் துணைன்னா சொட்டுற குழாய்தான் சார். தனியா இருக்கிறது எனக்குத் தாங்கல. ஆஸ்பத்திரி லேப்ல இருந்த டாக்டரம்மாதான், "மொதல்ல உக்காந்து டீ குடிங்கண்ணா, லென்ஸ் எங்கயும் ஓடிடாது"ன்னு சொல்லுவாங்க. சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. வேற யாரு கேக்குறா?

அவங்க அடிக்கடி கூப்பிடணும்னு ஈதரை ஓரமா வச்சேன். வெறும் அசிட்டோன்னா பசை சட்டுன்னு விட்டுப்போகும், புது லென்ஸ் வாங்கிடுவாங்க. வெறும் ஸ்பிரிட் ரொம்ப மெதுவு. ஸ்பிரிட்ல கொஞ்சம் அசிட்டோன் கலந்தேன், பக்குவமா வந்துச்சு. ஓரத்துல லேசா மங்கும், அவங்க கூப்பிடுவாங்க. நான் போய்த் துடைச்சதும் மேல தெளியும். உள்ள இன்னும் கொஞ்சம் கெடும்.

"அண்ணா, கோளாறு லென்ஸ்லயா, என் கண்ணுலயா?"ன்னு ஒருநாள் கேட்டாங்க.

"லென்ஸ் ஜம்முன்னு இருக்கு. எதுக்கும் கண்ணைக் காட்டிடுங்கம்மா"ன்னேன். அக்கறையாத்தான் சொன்னேன். அவங்களும் போய்க் கண்ணாடியை மாத்திக்கிட்டாங்க.

அப்புறம் காய்ச்சலோட ஒரு பொண்ணு வந்தா, மாசமா இருந்தவ. ரத்தத்துல மலேரியா இல்லைன்னு டாக்டரம்மா எழுதிட்டாங்க. இருந்துச்சு. அந்தப் பொண்ணு பிழைக்கல. தன் கண்ணாலதான் ஒரு உசுரு போச்சுன்னு டாக்டரம்மா வேலையை விட்டுட்டாங்க. ஆறுதல் சொல்ல அவங்க வீட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் அழுதாங்க, நான் கூடவே உக்காந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் சார், அன்னைக்கு எனக்கு மனசு நிறைஞ்சு இருந்துச்சு.

அவங்க இடத்துக்கு வந்தவர் லென்ஸைக் கழட்டிப் பாத்துட்டார், நீங்க என்னைப் பிடிச்சிட்டீங்க. இதுல எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை.

வேற எந்தெந்த லேப்னு விடாம கேக்குறீங்க. இருக்கு, மறைக்கல. அங்கயும் மங்கின லென்ஸ்லதான் இப்பவும் ரத்தம் பாத்துட்டு இருக்காங்க, தெரியும். ஆனா நேத்து எனக்கு டீ வாங்கிக் குடுத்து, சாப்பிட்டியான்னு கேட்டு, எதிர்ல உக்காந்து பொறுமையா கேட்டீங்க பாருங்க, அது பெரிய மனசு. இன்னைக்கு ஒரே ஒரு பேர் சொல்றேன், எழுதிக்கோங்க. மொத்தத்தையும் இப்பவே சொல்லிட்டா, நாளைக்கு நீங்க எதுக்கு சார் வரப் போறீங்க?