முந்திக்கொண்ட ஆமென்

— அந்தப் புடவையை மறுபடி பீரோவுக்குள்ள வச்சிடு குட்டி. நான் சர்ச்சுக்கு வரல.

— இஸ்திரி போட்டாச்சு அண்ணி. அண்ணன் போய் எட்டு மாசமாச்சு. இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை இப்படி ஜன்னலையே பாத்துட்டு உக்காருவீங்க?

— வந்து என்ன பண்ண? கண்ணை மூடினா வாய் திறக்க மாட்டேங்குது. நான் ஜெபம் பண்ணியே எட்டு மாசமாச்சு. போதுமா?

— போன வாரம் பாஸ்டர் ஜெபத்துக்கு நடுவுல மூச்சு வாங்கினாரு. சபையே உங்க பெஞ்சைத் திரும்பிப் பாத்துச்சு, தெரியுமா?

— காலிப் பெஞ்சுல என்ன இருக்கு பாக்க?

— அண்ணன் ஆமென் சொல்ற இடமாச்சே அது!

— ஐயோ, அதை ஏன் ஞாபகப்படுத்துற! முப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்துல நின்னு இடது காது சுத்தமா போச்சு. வலது காது அரைகுறை. பாஸ்டர் வாயையே பாத்துட்டு நிப்பாரு. வாய் மூடினா ஜெபம் முடிஞ்சுதுன்னு கணக்கு.

— அதுவும் சின்னக் குரலா? கூரையில இருக்கிற புறா எல்லாம் பறக்குமே!

— மூத்தவனோட ஞானஸ்நானத்துல, பாஸ்டர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே ஆமென்னுட்டாரு.

— 'பேரனுக்கு ஆமென்னே பேரு வச்சாச்சு'ன்னு எங்கம்மா சிரிச்ச சிரிப்பு! நீங்க அண்ணனைக் கிள்ளினீங்க.

— எத்தனை கிள்ளு! அவர் கையே காய்ச்சுப் போயிருந்துச்சு.

— அட, சிரிச்சிட்டீங்க அண்ணி.

— சிரிப்பு வரும். பின்னாலயே அந்த ஆஸ்பத்திரியும் வந்துடும்.

— அன்னைக்கு நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நீங்களும் ஒண்ணும் சொன்னதில்ல.

— என்னத்தைச் சொல்ல? பாஸ்டர் உங்க அண்ணன் தலையில கை வச்சு ஜெபிச்சாரு. 'எழுப்பித் தாரும் ஆண்டவரே'ன்னு கேப்பாருன்னுதான் அவரை வரச் சொன்னேன். அதுக்குள்ள பாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்திட்டாரு. உங்க அண்ணன் கண்ணைத் திறந்து, 'ஆமென்.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல. கேக்க வேண்டியதை யாருமே கேக்கல குட்டி. பாதியில கதவைச் சாத்தின மாதிரி.

— அதுக்கா ஆண்டவர்மேல கோவம்?

— ஆண்டவர்மேலயா, உங்க அண்ணன்மேலயா... என்னமோ போ.

— அண்ணி, மூச்சு வாங்குறதுக்கு முன்னாடி பாஸ்டர் என்ன சொல்லிட்டிருந்தாரு?

— அதுவா... 'ஆண்டவரே, இவரை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்'னு.

— அதைக் கேட்டுட்டுத்தானே அண்ணன் ஆமென் சொல்லியிருக்காரு?

— அவருக்கு எங்க கேக்கும்? வாயைப் பாத்திருப்பாரு.

— கண்ணைத் திறந்து ஆமென் சொன்னாருன்னீங்க. அதுவரைக்கும் மூடியிருந்த கண்ணு வாயை எப்படிப் பாக்கும்?

— ...பாஸ்டர் குனிஞ்சு காதுகிட்டதான் ஜெபிச்சாரு. வலது பக்கம் நில்லுங்கன்னு நான்தான் சொன்னேன்.

— அப்ப வாழ்நாள்லயே ஒரு தடவை, சரியான இடத்துல சொல்லியிருக்காரு அண்ணி.

— அந்தத் துண்டை எடு குட்டி.

— அண்ணி? அழுறீங்களா? நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா?

— பண்ணு. ரொம்ப இழுக்காத. பாஸ்டர் மாதிரி உனக்கும் அந்த வியாதி உண்டு.

— ஆண்டவரே, எங்க அண்ணியை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்...

— ஆமென்!

— அண்ணி! நான் இன்னும் முடிக்கவே இல்ல!

— அப்ப கிள்ளு. கிள்ளிட்டு அந்தப் புடவையை இப்படிக் கொடு.