ஒரு மூலை மிச்சம்

ஸ்டேஷன் ஜன்னலோரம் இருக்கிற அந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள், மேடம். இலை மஞ்சளடிப்பது அதனால்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பச்சையாக எதைக் கண்டாலும் கவனிக்காமல் இருக்க முடியாது எனக்கு. அரசாங்கத்தின் ஏரிப் பாதுகாப்பு வேலைகளை டெண்டர் எடுத்துச் செய்கிறவன் நான்.

கேள்விக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி எதிர்க்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கரையில் எப்படி மூழ்கினான் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தொழிலைக் கொஞ்சம் விளக்கிவிட்டுச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஆகாயத்தாமரை தெரியும்தானே. ஊதாப் பூ, பார்க்க லட்சணமாக இருக்கும். ஏரியை மூடிக்கொண்டு மீனை மூச்சுத் திணற வைக்கும். அதை வாரி எடுக்க வருடா வருடம் டெண்டர் விடுவார்கள். டெண்டரில் ஜெயிப்பது பெரிய வித்தை, அவரைக் கவனிக்க வேண்டும், இவரைக் கவனிக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வேலை முடிகிறபோது ஒரு மூலையில் கொஞ்சம் செடியை விட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அது ஏரி முழுக்கப் பரவிவிடும். முன் அனுபவம் உள்ளவருக்கே முன்னுரிமை என்று டெண்டரில் போட்டிருக்கும். அந்த ஏரியில் என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கும்? பல் டாக்டர்கூட எல்லாப் பல்லையும் ஒரே நாளில் பிடுங்கிவிடுவதில்லை. செடியே இல்லாத ஏரிகளுக்கும் ஒரு வாளிச் செடி கொண்டுபோய் உதவியிருக்கிறேன், அது வேறு கதை.

இதில் மண்ணள்ளிப் போட்டவன் என் மச்சினன். தாவரவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தான். பாவம் என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன். என் மனைவிக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை. அம்மா போன பிறகு இவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் சாப்பிட்டானா என்று கேட்ட பிறகுதான் நான் வந்துவிட்டேனா என்று பார்ப்பாள். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. கொஞ்சம் இருந்தது.

வீட்டுப் பின்புறம் தொட்டி தொட்டியாக ஒரு வண்டு வளர்த்தான். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதையும் தின்னாது, கூலி கேட்காது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்காது. ஏரியில் விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் செடியை ஒடுக்கிவிடுமாம், அதற்குப் பிறகு தலையெடுக்கவே விடாதாம். சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொன்னான்.

"மாமா, இனிமே இந்த ஏரிக்கு நாம தேவையே இல்ல."

சந்தோஷமாகச் சொன்னான், மேடம். நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன். என் மனைவி இன்னொரு கரண்டி பரிமாறினாள், அவனுக்கு. ஏரியில் விட்டுப் பார்த்துவிட்டு, டெண்டர் விடுகிற இன்ஜினியரிடம் சொல்லப் போவதாகச் சொன்னான். நான் பாதியிலேயே எழுந்து கை கழுவினேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன். மிஷின் ஓட்டுகிறவர், கூலியாட்கள், அவர்கள் குடும்பம் என்று எத்தனை வயிறு அந்தச் செடியை நம்பியிருக்கிறது. அத்தனை வயிற்றிலும் அடிக்கப் பார்த்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, படித்த படிப்பு அப்படி.

வண்டை முதலில் விட நல்ல இடம் எது என்று என்னிடமே கேட்டான். நான் மிச்சம் வைத்த மூலையைக் காட்டினேன். போன வருடம் தூர் வாரும்போது அங்கே ஆழமாகத் தோண்டியவன் நான்தான். மேலே செடி புல்தரை மாதிரி மூடியிருந்தது. முழங்கால் தண்ணீர்தான் என்று சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வாளி நிறைய வண்டோடு இறங்கினான். நான் தள்ளவில்லை. இதுவரை யாரையும் தள்ளியதில்லை. செடி இழுக்கிற நீளக் கொக்கி என் கையில் இருந்தது, அதை நீட்டவும் இல்லை. ஒருமுறை "மாமா" என்றான். பிறகு விலகிய செடி சேர்ந்துகொண்டது. செருப்பை எடுத்துப்போய் எதிர்க்கரையில் வைத்தேன், ஜோடியாக.

ஆளைத் தேட வேண்டுமென்றால் செடியை வாரியாக வேண்டும். அவசரப் பணிக்கு டெண்டர் கிடையாது, இன்ஜினியர் என்னைத்தான் கூப்பிட்டார். வாரிய பரப்புக்குத் தகுந்த கூலி. செருப்பு இருந்த கரையிலிருந்து ஆரம்பித்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும்தான். நேராக அங்கே போனால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். அவசர அவசரமாகச் செய்தால் எந்த வேலையும் சுத்தமாக இருக்காது. ஒரு வாரம் போல ஆனது. என் மனைவி கரையை விட்டு நகரவில்லை. மிஷின் ஒவ்வொரு முறை செடியைத் தூக்கும்போதும் எட்டிப் பார்ப்பாள். வெயிலாயிற்றே என்று ஒரு குடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசியில் அந்த மூலையையும் வாரத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் மிஷின் ஓட்டுகிறவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கரையேறி வந்தார். வருடக்கணக்காக ஊறிய பழக்கம்.

"வழக்கம்போல மூலைய விட்டாச்சு சார்."

என் மனைவி குடையை மடக்கினாள். வழக்கம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டாள். அவர் வெள்ளந்தியான மனிதர், ஒன்று விடாமல் விளக்கினார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "அண்ணே, என் தம்பி அங்கதான் இருக்கான். எடுத்துக் குடுங்க" என்றாள்.

அந்த மூலையில் இலையெல்லாம் பொட்டுப் பொட்டாக அரித்திருந்தது. வாளி கவிழ்ந்ததும் வண்டுகள் டெண்டர்கூடப் போடாமல் வேலையை ஆரம்பித்துவிட்டன. அவன் சொன்னது சரிதான், கெட்டிக்கார வண்டு. அதன் அடியில்தான் அவன் இருந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் காசுக்காகத் தன் தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று என் மனைவி உங்களிடம் சொன்னாளாமே, அதுதான் மனசுக்கு வலிக்கிறது. அவனை எடுத்த மறுநாள் நான் கொடுத்த பில்லை வரவழைத்துப் பாருங்கள், மேடம். ஏரி முழுவதற்கும் அளவு போட்டிருக்கிறேன், அவன் கிடந்த மூலையை மட்டும் கழித்துவிட்டேன். வேறு ஒப்பந்தக்காரனாக இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பான். சொந்தத்துக்குள் காசு பார்க்கிற ஆள் இல்லை நான்.