சமர்கந்த் போயிட்டு வந்தாச்சு

இல்லீங்க முக்கரம் அக்கா, நல்லாத்தான் சுத்திப் பாத்தோம். நீங்க சொன்ன எடம் ஒண்ணு விடல. ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு முன்னால ஜோடியா நின்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீங்க, அனுப்பினேனா இல்லையா? அதைத்தான் பெரிசா அடிச்சு வெளிய சுவத்துல ஒட்டியிருக்கீங்க போல. வரும்போதே பாத்தேன். மறுபடி சேந்த தம்பதின்னு கீழ வேற எழுதியிருக்கு. கிழிச்சுருங்க. நீங்க கிழிக்கலேன்னா போகும்போது நானே கிழிச்சுட்டுப் போறேன்.

கோவமா? நான் எங்கங்க கோவமா பேசுறேன். இதுதான் என் கொரலு. நான் வந்தது கையெழுத்துக்கு. நம்ம பேட்டை மஹல்லா கமிட்டித் தலைவி கையெழுத்து இல்லாம விவாகரத்துக் கேஸை கோர்ட்டுல தொட மாட்டேங்கிறான். நீங்க தலைவி. போட்டுக் குடுத்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்.

கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, போன தடவை இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்? என்ன காரணம்னு கேட்டீங்க. குடிக்கிறானான்னீங்க, இல்லேன்னேன். அடிக்கிறானான்னீங்க, இல்ல. ரஷ்யாவுல சம்பாதிக்கிறதை வீட்டுக்கு அனுப்புறானா? அனுப்புறாருன்னேன். அப்புறம் என்னடி உனக்குன்னு பேனாவை மூடி வெச்சுட்டீங்க. நான் என்ன சொன்னேன்? அந்த மனுசன் ரஷ்யாவுலேந்து வந்து வீட்டுல உக்காந்திருக்கும்போது ரயிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உக்காந்திருக்காரு அக்கான்னு சொன்னேன். சிரிச்சீங்க. இல்லேங்காதீங்க, நீங்களும் சிரிச்சீங்க, பக்கத்துல உக்காந்திருந்த அந்தப் பெரியவரும் சிரிச்சாரு. இதையெல்லாம் எப்படிம்மா காகிதத்துல எழுதறது, எழுதற மாதிரி ஒரு காரணம் கொண்டான்னீங்க.

சரி, தப்புன்னு சொல்லல. உங்க வேலை அது. நம்ம மஹல்லாவுல விவாகரத்தே கெடையாதுன்னு உங்களுக்குச் சால்வை போத்தினாங்க, நானும் வந்து கை தட்டினேன்.

அப்புறம் நீங்களே வழி சொன்னீங்க. ரெண்டு பேரும் வருசத்துல பாதி நாள் பிரிஞ்சே இருக்கீங்க, பழக்கம் விட்டுப்போச்சு, ரெண்டு நாள் சமர்கந்த் போய் சாப்பிட்டு, சுத்தி, சிரிச்சுப் பேசிட்டு வாங்கன்னீங்க. என் தங்கச்சி நிகோரா வீட்டுல ரூம் வாடகைக்கு விடுறா, குளிர்காலம், ஆள் யாரும் இல்ல, அங்கயே தங்கிக்குங்கன்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லிட்டீங்க. எவ்வளவு நல்ல மனசு. இந்த ஜிஸாக்லேந்து சமர்கந்த் எட்டிப் பிடிக்கிற தூரம், பொறந்ததுலேந்து நான் பாத்ததில்ல. அந்த ஆளு பாத்திருக்காரு. ரஷ்யாவுலேந்து வர்ற விமானம் அங்கதானே எறங்குது. ஒவ்வொரு தடவையும் எறங்கி, கூட்டம் ஜாஸ்தி, ரயிலுக்கு டிக்கெட் கெடைக்கலேன்னு ரெண்டு நாள் மூணு நாள் கழிச்சுத்தான் வீடு வந்து சேருவாரு. எந்த ரயில்ல அப்படிக் கூட்டம்னு நானும் கேட்டதில்ல.

இருங்க, வரிசையாத்தான் சொல்றேன். போகும்போது ரயில்ல சம்சா வாங்கினாரு. நம்ம ஊரு சம்சா, ஒண்ணு தின்னா ராத்திரி வரைக்கும் பசிக்காது, உங்களுக்குத் தெரியாததா. அதைப் பிச்சு, கறி ஜாஸ்தியா இருந்த பாதியை எனக்குக் குடுத்தாரு. இத்தனை வருசத்துல இந்த மனுசன் எனக்கு நல்ல பாதி குடுத்ததே இல்ல.

பாத்தீங்களா, உடனே பாசம்ங்கிறீங்க. பாசம் இல்ல அக்கா. பயம். அப்ப எனக்கும் தெரியல.

சமர்கந்துல எறங்கினதும் ஹோட்டலுக்குப் போகலாம்ங்கிறாரு. எதுக்குய்யா, தலைவி அக்காவோட தங்கச்சி வீட்டுல அடுப்பு மூட்டி வெச்சுக் காத்திருப்பாங்களேங்கிறேன். இல்ல, அடுத்தவங்க வீட்டுல கூச்சமா இருக்கும்ங்கிறாரு. ரஷ்யாவுல ஒரே ரூமுக்குள்ள பத்துப் பேரோட படுக்கிற ஆளுக்குக் கூச்சமாம். ஸ்டேஷன் வாசல்ல, பனி கொட்டுது, அங்க நின்னு சண்டை. போகலேன்னா முக்கரம் அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். உங்களுக்காகத்தான்.

ஆமா, அவருக்கு நிகோராவைத் தெரியும், யாரு இல்லேன்னா? தெரிய வெச்சதே நீங்கதானே. தங்கச்சிக்கு மருந்து, தங்கச்சிக்குக் கம்பளி பூட்ஸுன்னு ரஷ்யாவுலேந்து வரும்போதெல்லாம் அவரு கையில வாங்கிட்டு வரச் சொன்னீங்க. விதவைப் பொண்ணு, ஒத்தையில இருக்கா, யாரு இருக்காங்க அவளுக்குன்னு சொன்னீங்க. நானும் பாவம்னுதான் நெனைச்சேன். வாசல்ல குடுத்துட்டு அப்படியே திரும்பிருவேன், உள்ள ஒரு காலு வெச்சதில்லேன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு.

சரி. வாசல்ல ஒரு நாய். கன்னுக்குட்டி உசரம். என்னைப் பாத்துச் சங்கிலி அறுந்துபோற மாதிரி குலைக்குது. இவரு பக்கத்துலதான் நிக்கிறாரு, இவரு பூட்ஸை நக்கிட்டுப் போயிருச்சு. நாய்க்குக்கூட ஆள் தெரியுது பாருன்னு நான்தான் கேலி பண்ணினேன். முற்றம் தாண்டி உள் ரூமுக்குப் போற நெலை தாழ்வு. நான் மடேர்னு இடிச்சுக்கிட்டேன். இங்க பாருங்க, இன்னும் வீக்கம் வத்தல. அந்த ஆளு பேசிக்கிட்டே வந்தவரு, நெலைகிட்ட வந்ததும் தலையைக் குனிஞ்சு உள்ள போறாரு. பாக்காமலே. உள்ள ஒரு காலு வெச்சதில்லாதவரு.

என்ன அக்கா, டீ ஊத்திட்டீங்க? ஓ. விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கீங்க. நம்ம ஊருல இருக்கட்டும்னு நெனைக்கிற விருந்தாளிக்குக் கிண்ணத்துல பாதிதான் ஊத்துவோம், முழுசா ஊத்தினா குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். ஆறட்டும், பரவால்ல. நான் முடிச்சுட்டுத்தான் போவேன்.

மறுநாள் பூரா சுத்தினோம். தைமூர் கல்லறை பாத்தோம். எல்லாம் தங்கமா மினுக்குது, செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவுன்னேன். அப்புறம் அந்த நீல சமாதிகள் இருக்கே, படி ஏறிப் போறது. ஏறும்போது படியை எண்ணணும், எறங்கும்போது எண்ணணும், ரெண்டும் ஒத்துப்போனா பாவம் இல்லாத ஆளுன்னு சொல்லுவாங்களே. அங்க வந்த பொம்பளைங்க எல்லாம் வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு ஏறுறாங்க. நானும் எண்ணினேன். நீங்களும் எண்ணுங்கன்னா, எனக்கு முட்டி வலிக்குதுன்னு கீழயே நின்னுட்டாரு. எனக்குக் கணக்கு ஒத்துப்போகல, அதையும் சொல்லிடறேன். நடுவுல திரும்பித் திரும்பி அவரைப் பாத்துக்கிட்டே எறங்கினேன், விட்டுப்போச்சு.

மத்தியானம் புலாவ் கடை. அந்த ஊரு புலாவ் நம்மது மாதிரி கிண்ட மாட்டான். அடியில சோறு, மேல கேரட், அதுக்கு மேல கறின்னு அடுக்கி வைக்கிறான். கறியைப் பூரா என் பக்கம் தள்ளிட்டாரு. தின்னு தின்னுங்கிறாரு. பக்கத்து மேசையில ஒரு கெழவி, குடுத்து வெச்சவ நீங்கிறா. நானும் பல்லைக் காட்டினேன். என்ன பண்ண? உண்மையைச் சொன்னா, அப்ப எனக்கே ஒரு நிமிசம் தோணிச்சு அக்கா. முக்கரம் அக்கா சொன்னதுதான் சரியோ, நான்தான் ஒண்ணுமில்லாததுக்கு வீட்டைக் கலைக்கப் பாத்தேனோன்னு. கையெழுத்து வேண்டாம்னு உங்களுக்குப் போன் பண்ணலாம்னு போனைக்கூட எடுத்தேன். சத்தியமா.

நிகோராவா? அவளை ஒரு கொறை சொல்ல மாட்டேன். நல்லா கவனிச்சா. மெத்தையைச் சூடு பண்ணிப் போட்டா. என் நெத்திக்கு எண்ணெய் தடவி விட்டா. அதிர்ந்து பேசல. அடுப்படிக்குள்ள மட்டும் என்னை விட மாட்டேங்கிறா. கிண்ணம் கழுவித் தர்றேன்னு எந்திரிச்சா, நீங்க விருந்தாளி, உக்காருங்க அக்கான்னு குறுக்க வந்து நிக்கிறா. அவளும் என்னை அக்கான்னுதான் கூப்பிட்டா.

கிளம்புற அன்னைக்குக் காலையில அவ பாலுக்குப் போயிருந்தா. இவரு முற்றத்துல பனி தள்ளிக்கிட்டு இருக்காரு. யாரும் சொல்லல, தானா மம்பட்டி எடுத்துத் தள்ளுறாரு. எங்க வீட்டுக் கூரையில பனி எறங்கி உத்திரம் வளைஞ்சப்ப நான்தான் ஏறித் தள்ளினேன், அது வேற கதை. டீ போடலாம்னு அடுப்படிக்குள்ள போனேன். கை ஈரம். கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு துணி தொங்குது. துடைக்கலாம்னு இழுத்தேன். துணிக்குப் பின்னால ரொட்டி.

ஆமா. கடிச்ச ரொட்டி.

உங்களுக்கு நான் சொல்லணுமா? வீட்டை விட்டுத் தூரமாப் போற ஆளு ஒரு வாய் கடிச்சு வெச்சுட்டுப் போவாரு. மிச்சத்தை ஆணியில மாட்டி வைப்போம். அவரு திரும்பி வந்து அவருதான் தின்னணும். அதுவரைக்கும் எறக்கக் கூடாது, எறக்கினா போனவருக்கு ஆகாது. கல்யாணம் ஆனதுலேந்து வசந்தம் வந்தா அந்த ஆளு கடிச்சு வெச்சுட்டு ரஷ்யாவுக்குப் போறாரு, நான் மாட்டி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். அடுப்புக்கு முன்னால நிக்கிறப்பல்லாம் அந்தக் கடிதான் என் கண்ணுக்கு நேரா இருக்கும். அவருக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து. அந்த எடத்துல ரொட்டி அறுபடாது, நடுவுல ஒரு வரப்பு மாதிரி நிக்கும். மூஞ்சி மறந்தாலும் எனக்கு அந்த வரப்பு மறக்காது.

யாரு பல்லா வேணா இருக்கலாமா? யாரு பல்லு அக்கா? உங்க தங்கச்சிக்குப் புள்ளையா குட்டியா? உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா? சொல்லுங்க.

முதல்ல எனக்குக் கோவமே வரல. கையில துணியை வெச்சுக்கிட்டு நின்னேன். நின்னு கணக்குப் போட்டேன். ரஷ்யாவுக்குப் போகும்போது கடிச்சது என் வீட்டு ஆணியில தொங்கும். சரி. அப்ப இது எங்க போகும்போது கடிச்சது? இலையுதிர் காலத்துல விமானம் எறங்கி, இவ வீட்டுல இருந்துட்டு, கிளம்பும்போது கடிச்சது. எங்க கிளம்பினாரு? என்கிட்ட. புரியுதா அக்கா? என் வீட்டுக்கு வர்றதுதான் அவருக்குப் பயணம். நான்தான் வெளியூரு. ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்காருன்னு சொன்னேனே, சிரிச்சீங்களே. வேற எப்படி உக்காருவாரு?

அவ அதை ஏன் எறக்கி ஒளிச்சு வைக்கலேன்னு கேக்குறீங்களா? எப்படி எறக்குவா. ஆளு வீட்டுலதான் இருக்காரு, ஆனா பொண்டாட்டியோட வந்திருக்காரு. அது திரும்பி வந்த கணக்கா, வராத கணக்கான்னு அவளுக்கே தெரியல. பயந்துபோய் துணி போட்டு மூடியிருக்கா. அவ எடத்துல நான் இருந்தாலும் எறக்கியிருக்க மாட்டேன்.

இல்ல, நான் கத்தல. பாத்திரம் எறியல. உங்க தங்கச்சி மேல கை வைக்கல, பயப்படாதீங்க. ரொட்டியை நான் எறக்கினேன். விரிப்பு போட்டு, டீ வெச்சு, அந்த ரொட்டியைக் கடிச்ச பக்கம் அவரைப் பாக்குற மாதிரி வெச்சேன். பனி தள்ளிட்டு வந்து கை தேச்சுக்கிட்டு உக்காந்தாரு. பாத்தாரு. வந்தாச்சு இல்ல, சாப்பிடுங்கன்னேன்.

அது யாரு ரொட்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இன்னைக்கு உங்க முன்னால வந்து உக்காந்திருக்க மாட்டேன். பொய்யாவாவது கேட்டிருக்கலாம். கேக்கல. பிச்சுத் தின்ன ஆரம்பிச்சாரு. காஞ்சு கல்லாப் போன ரொட்டி. மெல்ல முடியல, டீயில நனைச்சு நனைச்சுத் திங்கிறாரு, கண்ணுல தண்ணி வருது, நிறுத்தல. நானும் நிறுத்தச் சொல்லல. அந்நேரத்துக்குப் பால் வாளியோட நிகோரா உள்ள வந்தா. அவரைப் பாத்தா, ரொட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா. அடுப்படிக்குள்ள போனா. ஒரு கிண்ணம் பாலேடு எடுத்துட்டு வந்து, காஞ்ச ரொட்டி தொண்டையில எறங்கணுமில்ல, அவரு கைக்கிட்ட வெச்சா. அவருக்கு மட்டும்.

அவ்வளவுதான். காரணம் கொண்டு வரச் சொன்னீங்க, கொண்டு வந்துட்டேன். பேனாவைத் திறங்க அக்கா. காரணம்ங்கிற எடத்துல ஒரு பேரு எழுதணும். நிகோராங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா பேரு, குடும்பப் பேரெல்லாம் சேத்து நீங்களே முழுசா எழுதிக்குங்க.